கண் கிணறும் ஒரு பழைய லேஞ்சியும்

அது நாங்கள் பார்த்த நாலாவது மண்வெட்டி. அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை அந்த ஊர்ச் சனங்கள் அருங்காட்சியகம் ஆக்கி வைத்திருந்தார்கள். சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் பொடிப் பொடியாக எழுத்து. என் கணவர் மூக்கு முட்டுமளவுக்குப் பலகைக்குக் கிட்டப் போய், தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இஞ்சாரும், இதில என்ன எழுதிக் கிடக்கு? ஒருக்கா வாசியும்.”

“மண்வெட்டி எண்டு எழுதிக் கிடக்கு.”

“மண்வெட்டி எண்டு சொல்லவே இவ்வளவு நீளத்துக்கு எழுதினவங்கள்?”

எழுதியிருந்தது பதினான்கு வரி. எந்தக் கொல்லன் அடித்தது, வலக்காலால் மிதிப்பவருக்கு ஒரு விதமாகவும் இடக்காலால் மிதிப்பவருக்கு வேறு விதமாகவும் ஏன் செய்தார்கள் என்று விலாவாரியாக இருந்தது. நான் முதல் வரியையும் கடைசி வரியையும் படித்து, “அந்தக் காலத்தில தோட்டம் கொத்தினதாம், அவ்வளவுதான்” என்றேன்.

“முழுக்க வாசியும் எண்டெல்லே சொன்னனான்.”

நான்கு நாளாக இதே கதை. உடைந்த தேவாலயம், உயரமான கல்கோபுரம், கல்லறைச் சிலுவை, வெண்ணெய் கடையும் மரப்பீப்பா என்று எதன் முன்னால் நின்றாலும் ஒரு பலகை இருக்கும். பலகை இருந்தால் அதை நான் வாசிக்க வேண்டும். முதல் நாள் ஒழுங்காக வாசித்தேன். இரண்டாம் நாள் தொண்டை கட்டியது. மூன்றாம் நாளிலிருந்து வரிகளை விழுங்கத் தொடங்கினேன். நாலு வரிக்கு ஒரு வரி, அதையும் என் சொந்தச் சொல்லில். அவருக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் சரிபார்க்கக் கண் இடம் கொடுக்கவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. வெட்கமாக இருந்தாலும் உள்ளதைத்தானே எழுத வேண்டும்.

கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுநர். இருபத்தாறு வருடம் புருசெத், ட்வெய்ட்டா என்று கிழக்குப் பக்கம் முழுக்க ஓடியிருக்கிறார். பனிக்காலத்து இறக்கத்தில் பஸ்ஸை ஒரு குலுக்கமில்லாமல் நிறுத்துவார் என்று அவருடைய பயணிகள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்குக் கண் அழுத்த நோய் என்று கண்டுபிடித்து, இரவில் படுக்கப் போகும்போது கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து விடச் சொன்னார்கள். ஒரு சொட்டு. அதைக்கூட வாரத்தில் பாதி நாள் மறந்தார். நான் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். தொண்ணூறு வயதுக்காரர் பதினெட்டுப் பேருக்கு நேரம் தவறாமல் மருந்து கொடுக்கிற என்னால் வீட்டில் இருக்கும் ஒருவரைச் சமாளிக்க முடியவில்லை. செவிடன் காதில் சங்கு ஊதியது மாதிரித்தான்.

பஸ் ஓட்டும் அனுமதியைப் புதுப்பிக்க இந்த வருடம் பார்வைச் சோதனை வைத்தார்கள். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அங்கங்கே மின்னும் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமத்த வேண்டும். ஐயா என்ன செய்தார் தெரியுமா? புள்ளி வருகிறதோ இல்லையோ, தாளம் போட்டு அமத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, “எல்லாத்துக்கும் அமத்தினனான்” என்று பெருமையாக வேறு சொன்னார். மெஷினுக்குத் தெரியாதா? புள்ளி வராத நேரத்திலும் அமத்தியிருக்கிறீர்கள், இந்தச் சோதனை செல்லாது, ஐந்து வாரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும், அதுவரை பஸ்ஸைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஐந்து வாரத்துக்குள்தான் இந்த அயர்லாந்துப் பயணம் வந்து விழுந்தது. லோறென்ஸ்கூக்கில் இருக்கும் எங்கள் மகள், அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து ஐயரைக் கூப்பிட்டுச் செய்வோம் என்றாள். அவர் மண்டபம் வேண்டாம், அயர்லாந்து பார்க்க வேண்டும் என்றார். நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் இவருடன் ஒரே அறையில் இருந்தவர் ஓர் அயர்லாந்துக்காரராம். அவர் இரவிரவாகத் தன் ஊர்க் கல்லுகளைப் பற்றிக் கதைப்பாராம். முப்பத்தைந்து வருடம் வாய் திறக்காதவர், கண் போகும் நேரத்தில் கல்லுப் பார்க்கக் கிளம்பினார். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரோடு நான் வாதாடப் போவதில்லை. மகள் டிக்கெட் போட்டாள், வாடகைக் கார் எடுத்துத் தந்தாள்.

காரை ஓட்டியது நான். அவர் ஓட்டக்கூடாது. அந்த நாட்டில் இடப்பக்கம் ஓட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். ரோட்டு ஓரத்தில் கல்மதில், மதிலுக்கு மேலே முட்செடி, எதிரே வருவது உழவு இயந்திரம். பக்கத்து சீட்டில் என் கணவர்.

“இடப்பக்கம் ஓடுறது எனக்கு ரத்தத்தில ஊறினது. நான் சொல்லுற மாதிரி ஓட்டும்” என்றார். இவர் யாழ்ப்பாணத்தில் ஓட்டியது சைக்கிள் மட்டும்தான். ஒவ்வொரு வளைவுக்கும் அவருடைய வலது கால் வெறும் தரையில் பிரேக் பிடித்தது. நான் கியரைத் தேடிக் கதவைத் திறந்த தருணமும் உண்டு. இரண்டாம் நாள் மகளுக்குத் தொலைபேசியில் முறையிட்டேன். “அம்மா, ஸ்லாப் ஆவ்” என்றாள். கொஞ்சம் ஆறுதலாக இரு என்பதை நோர்வேயில் பிறந்த பிள்ளைகள் இந்த இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். அவளை அந்தக் காரில் ஏற்றியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவருடைய லேஞ்சி. இந்தியத் தமிழர்கள் கைக்குட்டை என்பார்கள். வெள்ளைப் பருத்தியில் நீலக்கரை போட்டது. நாலாக மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்திருப்பார். மூக்கைத் துடைப்பதும் அதுதான், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதும் அதுதான், மருந்து விட்ட பிறகு கண்ணைத் துடைப்பதும் அதேதான். கிருமி என்றால் என்ன என்று படித்து அதற்குச் சான்றிதழும் வாங்கியவள் நான். கடதாசி லேஞ்சி பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தேன், தொடமாட்டார். இந்த முப்பது வருடத்தில் ஏழெட்டு லேஞ்சியை அவருக்குத் தெரியாமல் குப்பையில் போட்டிருக்கிறேன். எங்கிருந்தோ இன்னொன்று வந்துவிடும்.

மூன்றாம் நாள் நியூகிரேஞ்ச் போனோம். ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய கல்லறை மேடு. மாரி காலத்தில், பகல் மிகவும் குறுகிய அந்த நாட்களில், காலைச் சூரியன் வாசலுக்கு மேலே உள்ள துவாரம் வழியாக உள்ளே வந்து கடைசி அறைவரை வெளிச்சம் போடுமாம். நாங்கள் போனது மே மாதத்தில். எங்களுக்கு மின்விளக்கால் செய்து காட்டுவார்கள். அதற்கு டிக்கெட், அதற்கு வரிசை, வரிசைக்குப் பிறகு பஸ். அவர் பஸ்ஸில் முன் சீட்டுக்குப் போய் ஓட்டுநரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, “பிரேக்கை நேரத்தோட பிடிக்கிறான், நல்ல பெடியன்” என்றார். அந்தப் பெடியனுக்கு ஐம்பது வயது இருக்கும்.

மேட்டுக்கு வெளியே காத்து நின்றபோது, “திரும்பிப் போனவுடன ஒவ்வொரு நாளும் மருந்து விடுவன். நடக்கவும் போவன். எல்லாம் ஒழுங்காச் செய்வன்” என்றார். இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தினேனே, அந்த ஆத்திரம் அப்படியே வாயில் வந்தது.

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்” என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. யார் எதைப் பிந்திச் செய்தாலும் நான் வழக்கமாகச் சொல்வதுதான். மகள் பரீட்சைக்கு முதல்நாள் படித்தாலும் இதுதான், கீரை கருகிய பிறகு அடுப்பை அணைத்தாலும் இதுதான். ஆனால் அந்த இடத்தில், அந்த மனிதனிடம். அவர் சிரித்தார். “சரியான இடத்துக்குத்தானே வந்திருக்கிறம்” என்றார். நான் சிரிக்கவில்லை.

உள்ளே நடைபாதை மிக ஒடுக்கம். குனிந்து, பக்கவாட்டில் திரும்பித்தான் போகலாம். அவர் இரண்டு இடத்தில் தோளை இடித்தார், ஓர் இடத்தில் நெற்றியை. கடைசி அறையில் பதினைந்து பேர் நெருக்கியடித்து நின்றோம். வழிகாட்டிப் பெண் எல்லா விளக்கையும் அணைத்தாள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. யாரும் மூச்சுக்கூட விடவில்லை. அந்த அமைதியில் என் கணவர் பலத்த குரலில், “ஆ, வருகுது, வருகுது. நல்லாத் தெரியுது” என்றார்.

ஒன்றும் வரவில்லை. அவள் விளக்கைப் போட்டது அதற்குப் பிறகுதான். மஞ்சள் கோடு ஒன்று தரையில் மெல்ல நீண்டு எங்கள் காலடிவரை வந்தது. எல்லோரும் “ஓ” என்றார்கள். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. புள்ளி இல்லாமலே பொத்தானை அமத்துகிற மனிதர் என் பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்கு விளங்கியது. எரிச்சலில் அவரைக் கிள்ள வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. கையைப் பிடித்தேன். நெற்றி இடித்த இடம் வீங்கியிருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் மட்டும் காரியக்காரி என்று காட்டிக்கொண்டால் அது பொய். அந்தப் பயணத்தில் எனக்கும் ஒரு காரியம் இருந்தது, அதை அவருக்குச் சொல்லவில்லை. என்னுடன் வேலை செய்யும் தாதி ஒருத்தி அயர்லாந்துக்காரி. நாங்கள் போகிறோம் என்றதும், தன் ஊர்ப் பக்கத்தில் ஒரு புனிதக் கிணறு இருக்கிறது, கண் நோய்க்குப் பேர்போனது, சனங்கள் அங்குள்ள மரத்தில் துணி கட்டிவிட்டு வருவார்கள் என்றாள். துணி கட்டுவது என்றதும் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. துணி கட்டுவதைப் பற்றி ஒரு தமிழச்சிக்கு வெள்ளைக்காரி சொல்லித் தர வேண்டுமா? நேர்த்தி வைத்து மரத்தில் துணி கட்டாத ஊரில் நான் பிறக்கவில்லை.

ஒஸ்லோவின் குறோன்லாண்ட் பகுதியில் ஒரு சேலைக் கடைக்குப் போய், அம்மனுக்குச் சாத்த எடுக்கும் சிவப்பில், சரிகைக் கரை போட்ட துண்டு ஒன்று வாங்கினேன். “அசல் பட்டு அக்கா” என்றார் கடைக்காரர். சாமிக்குக் கட்டுவது கோடித்துணியாக இருக்க வேண்டும். ஒருமுறை உடுத்ததைக் கட்டினால் வேண்டுதல் பலிக்காது என்பதோடு பாவமும் சேரும். அதனால் அதை யாரும் தொடாதபடி மஞ்சள் பூசி, புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சூட்கேசின் அடியில் வைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை தலைக்கு முழுகினேன். விடுதிக்காரி பன்றி இறைச்சி பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. அவருக்கும் தொட விடவில்லை. “ஏன், இண்டைக்கு என்ன விரதம்?” என்று கேட்டார். “சும்மா சாப்பிடாமல் இருங்கோ” என்றேன். காரில் ஏறி ஒரு மணி நேரம் ஓடி, ஒரு மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் நிறுத்தி, சேற்றில் இறங்கி நடந்தோம். போகும் வழியில்தான் விஷயத்தைச் சொன்னேன். மண்வெட்டிப் பலகையைப் பதினான்கு வரி வாசிக்கச் சொல்கிற மனிதர், ஒன்றும் கேட்காமல் பின்னால் வந்தார்.

கிணறு என்றால் நான் எங்கள் கிணற்றை நினைத்திருந்தேன். இது கல்லு வைத்துக் கட்டிய ஓர் ஊற்று, முழங்கால் ஆழம் இருக்கும். மேலே வெள்ளைப் பூப் பூத்த முள்மரம். அந்த மரத்தைப் பார்த்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை. கிழிந்த காலுறை, குழந்தையின் எச்சில் துணி, பழைய சட்டைக் கை, செபமாலை, கண்ணாடி இல்லாத மூக்குக் கண்ணாடிச் சட்டம் என்று எல்லாம் தொங்கின. கடவுளுக்குப் பக்கத்தில் இப்படியா அழுக்குத்துணி தொங்கவிடுவார்கள்? நாங்கள் வந்தது நல்லது, இவர்களுக்கும் முறையாக ஒன்று கட்டிக் காட்டுவோம் என்று நினைத்தேன்.

சப்பாத்தைக் கழற்றினேன். அவரையும் கழற்ற வைத்தேன். மே மாதத்து அயர்லாந்துச் சேறு கணுக்கால்வரை குளிர்ந்தது. மூன்று முறை வலம் வந்தோம். பிறகு சிவப்புத் துண்டை எடுத்து, கண்ணில் ஒற்றி, நல்ல உயரமான கிளையாகப் பார்த்து மூன்று முடிச்சுப் போட்டேன். காற்றுக்கு அவிழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். சரிகை மின்னியது. அந்த மரத்திலேயே வடிவானது எங்கள் துணிதான்.

கிணற்றுக்கு மறுபக்கம் ஒரு பெண் நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும், ரப்பர் சப்பாத்து, தோட்டக் கையுறை, கையில் கத்தரிக்கோலும் குப்பைப் பையும். நான் மூன்றாவது முடிச்சை முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு வந்து, யாருக்குச் சுகமில்லை என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெண் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: இது நோயாளி உடுத்திய துணியாக இருக்க வேண்டும். கிணற்று நீரில் நனைத்து, நோயுள்ள இடத்தைத் தொட்டு, பிறகு கட்ட வேண்டும். மழையிலும் வெயிலிலும் துணி உக்கி இற்றுப் போகப் போக நோயும் போகும் என்பது நம்பிக்கை. உங்களுடையது நைலோன், அது உக்காது. இப்படி உக்காதவற்றை வெட்டி எடுக்கத்தான் தான் வாரத்துக்கு ஒருமுறை வருவதாகச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குறோன்லாண்ட் கடைக்காரர் மேல் கோபம், மீதிக் கதையைச் சொல்லாத தாதி மேல் கோபம், அவளிடம் மீதிக் கதை கேட்காத என் மேல் அதைவிடக் கோபம். என் கணவருடைய கண் நோயை நூறு வருடத்துக்கு உக்காதபடி மூன்று முடிச்சுப் போட்டு நானே கட்டி வைத்திருக்கிறேன். நான் எட்டி எட்டி அவிழ்க்கப் பார்த்தேன். விரல் விறைத்துப் போயிருந்தது, முடிச்சு அசையவில்லை.

“விடும், நான் பார்க்கிறன்” என்றார் என் கணவர்.

“உங்களுக்கு எங்க தெரியப் போகுது?”

அவர் கிளைக்குக் கையை நீட்டினார். முகம் பண்ணைப் பக்கம், மாடுகளைப் பார்த்தபடி இருந்தது. விரல் மட்டும் முடிச்சில். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவிழ்த்துத் துண்டை என் கையில் தந்தார். முடிச்சை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. இவர் இப்படிப் பார்க்காமல் செய்யப் பழகியிருப்பது எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தும் கவனிக்கவில்லை.

இனி உக்குகிற துணிக்கு எங்கே போவது? அந்தச் சேற்றில் நின்று அவருடைய உடுப்பின் லேபிள்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். மழை ஜாக்கெட், பொலியெஸ்டர். அதற்குள்ளே போட்ட கம்பளிச் சட்டை, பாதி நைலோன். காற்சட்டையும் அப்படித்தான். காலுறைக்கு லேபிளே இல்லை. முப்பத்தைந்து வருடம் நோர்வேயில் குளிருக்கும் மழைக்கும் பயந்து, உக்காத உடுப்பாகவே வாங்கிப் போட்டிருக்கிறோம். அந்தப் பெண் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு லேஞ்சி ஞாபகம் வந்தது. சுத்தப் பருத்தி. அவர் பாவித்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணைத் தொட்டது. முப்பது வருடமாக நான் குப்பையில் போடப் பார்த்த அந்தச் சனியனைவிடப் பொருத்தமான துணி அந்த நாட்டில் வேறில்லை.

“லேஞ்சியைத் தாருங்கோ.”

“அது வேண்டாம், ஊத்தை” என்றார். ஊத்தை என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் விடாமல் பைக்குள் கையை விட்டு எடுத்தேன்.

லேஞ்சி ஈரமாக இருந்தது. மழை இல்லை. அவர் மருந்து விடுவது இரவில், அப்போது பகல் பதினொரு மணி. தடிமன், சளி ஒன்றும் இல்லை. காரிலா, சேற்றில் என் பின்னால் நடந்து வந்தபோதா, எப்போது அழுதார் என்று தெரியவில்லை. “நல்லாத் தெரியுது” என்று சொல்லிக்கொண்டே இந்த மனிதர் எனக்குத் தெரியாமல் அழுதிருக்கிறார். நான் முன்னால் நடந்து, சேற்றைத் திட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

லேஞ்சியைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தேன். “மற்றப் பாதியைத் தாரும், மூக்குத் துடைக்க ஒண்டும் இல்லை” என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். என் கையிலிருந்த பாதியைக் கிணற்று நீரில் நனைத்தேன். தண்ணீரில் பாசி மிதந்தது. “கண்ணை இறுக்கி மூடுங்கோ. ஒரு துளி உள்ளுக்குப் போனாலும் உங்களை இஞ்சையே விட்டிட்டுப் போவன்” என்றேன். மூடிய இமையின் மேல் மெல்ல ஒற்றினேன், முதலில் வலது, பிறகு இடது. அவர் குழந்தை மாதிரி முகத்தைத் தந்தபடி நின்றார். பிறகு தாழ்ந்த கிளையில், மழை நன்றாகப் படுகிற பக்கமாக, ஒரே ஒரு முடிச்சுப் போட்டேன். சிவப்புத் துண்டை அந்தப் பெண்ணின் குப்பைப் பையில் நானே போட்டேன்.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய இரண்டாவது வாரம் சோதனை. நானும் கூடப் போனேன். அரை மணி நேரத்தில் வெளியே வந்தார்.

“எப்படி?”

“இந்த முறை வெளிச்சம் தெரிஞ்சால் மட்டும் அமத்தினனான்.”

ஒரு கிழமை கழித்து வைத்தியரிடம் போனோம். வைத்தியர் பேசியதைவிட அதிகமாகக் கணினியில் எழுதினார், பிறகு கடிதத்தை அச்செடுத்து உறையில் போட்டுத் தந்தார். ட்வெய்ட்டாவில் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்து மர வாங்கில் வந்து உட்கார்ந்தோம். கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்தில் பிடித்தால் அவராலேயே வாசிக்க முடியும். உறையைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

“வாசியும். முழுக்க.”

திகதியிலிருந்து தொடங்கினேன். விலாசம், பிறந்த திகதி, எந்த நாள் என்ன சோதனை செய்தார்கள், வலது கண், இடது கண். நோர்வேஜிய மொழியில் ஒரு வரி, அதையே தமிழில் ஒரு வரி. கண்ணில் அழுத்தம் குறைந்திருக்கிறது, மருந்தை இரவு தவறாமல் விட்டால் இருக்கிற பார்வையை நெடுங்காலம் காப்பாற்றலாம் என்று ஒரு பந்தி இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன். அடுத்த பந்திக்கு என் கண் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. பக்கவாட்டுப் பார்வை போதாது, பஸ் ஓட்டும் அனுமதி புதுப்பிக்கப்பட மாட்டாது. அந்த ஒரு வரியை விழுங்கிவிட நாக்குத் துடித்தது. அயர்லாந்தில் நல்ல பயிற்சி எடுத்த நாக்கு. நான் விழுங்கவில்லை. நோர்வேஜிய மொழியில் வாசித்தேன். தமிழிலும் வாசித்தேன். அதோடு நிற்காமல், கீழே இருந்த ஆட்சேபனைக் காலம், தொலைபேசி எண், வைத்தியரின் கையெழுத்துவரை வாசித்து முடித்தேன்.

நிலையத்துக்கு வெளியே அவர் ஓடிய வழித்தட பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அது போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வரியும் விடேல்லைத்தானே?”

“விடேல்லை.”

“மண்வெட்டிக்கு விட்டனீர்.”

“ஓம்” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றார்.

பிறகு பைக்குள் கையை விட்டு அந்தக் கிழிந்த அரை லேஞ்சியை எடுத்தார். இந்த முறை திரும்பிக்கொள்ளாமல், எனக்கு முன்னாலேயே, இரண்டு கண்ணையும் துடைத்தார். மடித்துத் திரும்ப வைக்கப் போனவரின் கையைப் பிடித்து, “எனக்கும் தாருங்கோ” என்றேன்.

“இதில துப்புரவான மூலை ஒண்டும் இல்லையப்பா.”

“பரவாயில்லை, தாருங்கோ” என்று வாங்கி, அதால் என் கண்ணைத் துடைத்தேன்.